செக்குபந்தியில் தொலைந்த வாய்க்கால்

மனை வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், தாய்ப்பத்திரம், அதாவது அந்த நிலத்தின் பழைய மூலப் பத்திரம், கையில் இருக்கிறதா, அதில் செக்குபந்தி என்ன போட்டிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். சிலர் புரியாமல் பார்ப்பார்கள். கிழக்கே யாருடைய புஞ்சை, மேற்கே எந்த சர்வே நம்பர், வடக்கே வண்டிப்பாதையா ஓடையா என்று பத்திரத்தின் சொத்து விவரத்தில் நாலு வரி இருக்குமே, அதுதான். விலை, பரப்பளவு, பெயர், இனிஷியல் எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்க்கிறவர்கள்கூட அந்த நாலு வரியை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். 2015 டிசம்பர் வரை நானும் அப்படித்தான் இருந்தேன்.

2012ஆம் வருஷம். சென்னை வெளிவட்டச் சாலை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வண்டலூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஓர் ஊரில் (ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்றும் மனை விற்கத் தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள்) ஒரு மனைப்பிரிவைப் பார்க்க அப்பா, மாமா, நான் மூன்று பேரும் போனோம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. அப்பா நில அளவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சங்கிலியைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுப் பக்கம் ஏரி ஏரியாக நடந்தவர். சாலை அப்போது செம்மண் மேடாகத்தான் இருந்தது. ஆள் உயரத்துக்கும் மேலே மண்ணைக் கொட்டிக் கெட்டித்துக்கொண்டிருந்தார்கள், ஆங்காங்கே பாலத்துக்கான கான்கிரீட் தூண்கள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. அந்த மேட்டைக் காட்டித்தான் புரோக்கர் பேசினார். "சார், இது வந்துச்சுன்னா தாம்பரம் பத்து நிமிஷம், பூந்தமல்லி பதினஞ்சு நிமிஷம், அப்புறம் இந்த விலைக்கு நினைச்சுக்கூடப் பாக்க முடியாது" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் இதில் கஷ்டமே.

அப்பா மனைப்பிரிவின் வடக்கு ஓரமாக நடந்து போய் நின்றுகொண்டார். அங்கே கோரைப்புல் ஒரே வரிசையாக, கோடு போட்டது போல, மேற்கிலிருந்து கிழக்காக வளர்ந்திருந்தது. சுற்றிலும் காய்ந்த முள்ளும் மண்ணும், அந்த ஒரு கோடு மட்டும் பச்சை. "இது என்னப்பா?" என்று கேட்டார். "பழைய பள்ளம் சார், லேஅவுட் ரோடு போடறப்ப மூடிடுவோம்" என்றார் புரோக்கர். அப்பா குனிந்து ஒரு கோரையைப் பிடுங்கி வேரைப் பார்த்தார், ஈரமாக இருந்தது. வைகாசி மாசம். திரும்பி வரும்போது மாமாவிடம், "மாப்ள, கோரை சும்மா வளராது, இது வேண்டாம்" என்றார்.

மாமா வாங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வாடகை வீட்டில் பத்து வருஷம் இருந்தவர், இரண்டு பிள்ளைகள், கையில் இருந்த பணத்துக்கு நகரத்துக்குள் ஒரு சமையலறை அகல நிலம்கூடக் கிடைக்காது. நல்ல விலைக்கு வருகிறது, சாலை வருகிறது, வங்கிக் கடன் கிடைக்கிறது என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? 2014 ஆகஸ்டில் வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரைக்கும் வெளிவட்டச் சாலையின் முதல் கட்டத்தைத் திறந்தார்கள், அதே வருஷம் மாமாவும் வீடு கட்டிக் குடி போனார். புரோக்கர் சொன்னபடியே விலையும் ஏறியது.

2015 டிசம்பர் 1. அன்று இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்தார்கள் என்பது சென்னையில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் மாமா வீட்டுக்கு வந்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. அதற்கு முன்பே, மேலே இருக்கும் சின்னச் சின்ன ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பிக் கலங்கல் (ஏரியின் உபரி நீர் வெளியேறும் இடம்) வழியாக வழிந்த தண்ணீர், தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்து ஏரிகள் தனித்தனி ஏரிகள் இல்லை. ஒரு ஏரி நிரம்பினால் அதன் உபரி அடுத்த ஏரிக்கு, அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்கு, கடைசியில் அடையாறு, கூவம், கொசஸ்தலை என்று ஏதாவது ஓர் ஆற்றில் போய்ச் சேரும். இந்தச் சங்கிலியின் கண்ணிகள்தான் வாய்க்கால்கள். வருஷத்தில் பத்து மாசம் காய்ந்து கிடக்கும், ஆடு மேயும், பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். பத்து மாசம் காய்ந்திருப்பதாலேயே அது நிலம் என்று ஆகிவிடாது, ஆனால் விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் அப்படித்தான் தெரியும்.

இப்போது அந்தச் சங்கிலியின் குறுக்கே ஆள் உயரத்துக்கும் மேலான மண் கரை ஒன்றை 60 கிலோமீட்டருக்கும் மேல் நீளத்துக்குப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை அப்படித்தான் போகிறது. போட்டவர்களுக்கும் தண்ணீரைப் பற்றித் தெரியும், வருவாய்த் துறை வரைபடத்தில் வாய்க்கால் இருக்கிற இடங்களில் சாலைக்கு அடியில் சிறுபாலம் விட்டிருக்கிறார்கள். மாமா வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. வெள்ளம் வடிந்த பிறகு நானும் அப்பாவும் போய்ப் பார்த்தோம். சாலையின் ஒரு பக்கம் அதன் வாய் நன்றாகத் திறந்து கிடந்தது. மறுபக்கம் போனால், சிறுபாலத்தின் வாயிலிருந்து நான் எண்ணி ஏழு அடி, அங்கே ஒரு காம்பவுண்டு சுவர். ஹாலோ பிளாக் சுவர், அதில் "மனை விற்பனைக்கு" என்று நீலப் பெயின்டில் எழுதியிருந்தார்கள், எழுத்துக்கு மேலே தண்ணீர் நின்ற கறை. சிறுபாலத்தைக் கட்டியவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார், சுவரைக் கட்டியவரும் தன் பத்திரத்தில் இருக்கும் அளவுப்படிதான் கட்டியிருக்கிறார். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பி மாமாவின் தெருவுக்குள் வந்துவிட்டது.

இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் மொட்டை மாடியில் இருந்தார்கள். நான்காவது நாள் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தை சேறு படிந்த பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள், மாமா பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்த பத்திரங்களை மாடியில் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார். முத்திரைத்தாளின் பச்சை நிறம் இறங்கி ஓரமெல்லாம் கறையாகியிருந்தது. கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரத்தின் நகல், பட்டா, எல்லாம் வரிசையாகக் காற்றில் ஆடின. அப்பா ஒன்றும் பேசவில்லை. "அன்னைக்கே சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, இன்றுவரை வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பத்திரமாகப் படித்துக்கொண்டே போனார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு மூன்று இடங்களில் விரலை வைத்துக் காட்டினார்.

1970களில் எழுதிய தாய்ப்பத்திரத்தில்: வடக்கில் வாய்க்கால் புறம்போக்கு. அந்த விவசாயியின் மகன்கள் பவர் எழுதிக் கொடுத்து, பவர் வாங்கியவர் நிலத்தை இன்னொருவருக்கு விற்ற பத்திரத்தில்: வடக்கில் பொதுவழி. மாமாவின் 2012ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரத்தில்: வடக்கில் 20 அடி சாலை.

யாரும் வாய்க்காலை விற்கவில்லை. அது எப்போதும் அந்த நிலத்துக்கு வெளியேதான் இருந்தது, அரசாங்கப் புறம்போக்கு, விற்கவும் முடியாது. பெயரை மட்டும் மாற்றி எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். மூன்று பத்திரமும் பதிவாகியிருக்கிறது, மூன்றிலும் முத்திரை இருக்கிறது, எதிலும் சட்டப்படி நிலத்தின் அளவில் ஓர் அங்குலம்கூடத் தப்பு இல்லை. கோரை வளர்ந்திருந்த அந்தக் கோட்டின் மேல்தான் மாமா வீட்டுத் தெரு. அவர் பைக்கை நிறுத்துவது வாய்க்காலின் மேலே.

இதைத் தனியார் மனை வியாபாரிகளின் வேலை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. நம் நகரமே இப்படித்தான் வளர்ந்தது. தியாகராய நகர் 1920களில் மயிலாப்பூரின் நெடிய ஏரியை வடித்துவிட்டு அமைத்த பேட்டை. வள்ளுவர் கோட்டம் நின்றுகொண்டிருப்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில். முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட குடியிருப்புக்கு இன்றும் முகப்பேர் ஏரித் திட்டம் என்றே பெயர், அந்த முகவரிக்கு தினமும் தபால் போகிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கும் மேல் இருந்தது. 2022இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தபோது கணக்கில் வந்தது சுமார் 1,247 ஹெக்டேர். மிச்சத்தில் குப்பைமேடும், ரயில் பாதையும், சாலைகளும், அடுக்குமாடிகளும், கண்ணாடிக் கட்டடங்களும் இருக்கின்றன. நானே அப்படி ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஐந்து வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். மழை நாளில் அலுவலகத்துக் கீழ்த்தளத்தில் மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சரி, சாலைக்கு வருகிறேன். சாலையே வேண்டாம் என்கிற ஆள் நான் இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த இரவில் வெளிவட்டச் சாலை இருந்ததால்தான் அரை மணி நேரத்தில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தோம். வடக்கே துறைமுகங்களுக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் நகரத்துக்குள் நுழையாமல் போக ஒரு வழி வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. எனக்குக் கோபம் வருவது, ஒரு சாலையைப் போடும்போது எது முதலில் வருகிறது, எது கடைசியில் வருகிறது என்பதில்தான்.

சென்னையின் வட்டச் சாலைகளை வரிசையாகப் பாருங்கள். உள்வட்டச் சாலை, நாம் 100 அடி ரோடு என்று சொல்கிற அந்தச் சாலை, நகரத்துக்குள் நுழையத் தேவையில்லாத வண்டிகள் சுற்றிக்கொண்டு போவதற்காக வந்தது. இன்று வடபழனியில் நின்றுகொண்டு அது நகரத்துக்கு வெளியே இருந்த சாலை என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். 1996இல் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது, 2002இல் பேருந்து நிலையம் போனது, அப்புறம் அந்தச் சாலையே ஊரின் நடுத்தெருவாகிவிட்டது. அதற்கு வெளியே தாம்பரம் மதுரவாயல் பைபாஸ். அதன் ஓரத்திலும் வீடு வந்துவிட்டது. அதற்கும் வெளியே வெளிவட்டச் சாலை. இப்போது அதற்கும் வெளியே, எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் 132.87 கிலோமீட்டருக்குச் சென்னை எல்லைச் சாலை. ஒவ்வொரு முறையும் இதுதான் கடைசி வட்டம், இதோடு நெரிசல் தீர்ந்தது என்ற நம்பிக்கையோடுதான் வரைகிறார்கள்.

ஏன் தீரவில்லை? சாலையைப் போட்டதும் அதன் இருபுறமும் இருக்கும் நிலத்துக்கு முகப்பு கிடைத்துவிடுகிறது. சர்வீஸ் ரோட்டில் ஒரு வாசல் திறந்தால் போதும், நேற்று வரை ஏக்கர் கணக்கில் விலை பேசிய நிலம் இன்று சதுர அடிக் கணக்கில் பேசப்படும். கிடங்கு வரும், கல்யாண மண்டபம் வரும், மனைப்பிரிவு வரும். வேகமாகக் கடந்து போவதற்காகப் போட்ட சாலையில் பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் வண்டிகள் ஏறி இறங்க ஆரம்பிக்கும். பத்து வருஷத்தில் அது உள்ளூர்ச் சாலை. வேறு வழியும் இல்லை, ஏனென்றால் அங்கே குடியேறியவர்களுக்கு வேறு சாலையே கிடையாது.

அவர்களுக்குப் பேருந்தும் சரியாகக் கிடைக்கவில்லை. வெளிவட்டச் சாலைக்கு 122 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுத்தார்கள், அதில் ஒரு பகுதி பிற்காலத்தில் ரயில் பாதை போடுவதற்காக. எவ்வளவு நல்ல யோசனை! முன்கூட்டியே இடம் விட்டு வைப்பது நம் ஊரில் அரிது, யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் மாமா மகள் கல்லூரிக்குப் போன நாலு வருஷமும் ஷேர் ஆட்டோவில்தான் போனாள். கிளாம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 88 ஏக்கரில் அவ்வளவு பெரிய பேருந்து முனையம், 2023 டிசம்பர் 30 அன்று திறந்தார்கள், பக்கத்திலேயே புறநகர் ரயில் பாதை போகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நின்று போக ஒரு நிலையம் இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் பெட்டியும் கையுமாக வண்டலூரில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையில் ஆட்டோ தேடினார்கள். மதுரவாயல் துறைமுகம் பறக்கும் சாலை இன்னொரு கதை. 2009இல் அடிக்கல், 2012இல் கூவத்துக்குள் தூண் நடுகிறார்கள் என்று வேலை நின்றது, 2022இல் புது வடிவத்தில் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல். நடுவில் பத்து வருஷம் அந்தத் தூண்கள் ஆற்றுக்குள் சும்மா நின்றன. தண்ணீருக்கு அது ஓர் அடைப்பு என்று சொல்லித்தான் நிறுத்தினார்கள், நிறுத்திய பிறகு அடைப்பை எடுக்கவில்லை.

நிலம் கொடுத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை. சாலைக்காக நிலம் எடுக்கும்போது இழப்பீட்டுக்கு அடிப்படையாகப் பார்ப்பது அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பையும் பக்கத்தில் பதிவான கிரயங்களையும். கிரயப் பத்திரங்களில் பல காலமாக வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மிச்சத்தைக் கையில் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதனால் ஏட்டில் இருக்கும் விலைக்கும் சந்தை விலைக்கும் எப்போதும் பெரிய இடைவெளி. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டம் வந்த பிறகு தொகை கூடியது உண்மைதான். ஆனாலும் ஒரே வரப்பின் இந்தப் பக்கம் இருந்தவருக்குச் சாலைக்கு எடுத்த இழப்பீடு, அந்தப் பக்கம் இருந்தவருக்குச் சாலையால் ஏறிய விலை. எங்கள் ஊர்ப்பக்கமே அண்ணன் தம்பி இருவருக்கு அப்படி நேர்ந்து, இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. சாலை எந்த வரப்பில் போகும் என்று முன்பே தெரிந்துகொண்டு, அந்தப் பக்கத்து நிலத்தை ஏக்கர் கணக்கில் அக்ரிமென்ட் போட்டு வைத்தவர்கள்தான் இரண்டு பேரையும்விட அதிகம் சம்பாதித்தார்கள். அப்படிச் சம்பாதித்ததில் ஒரு பங்கு வாய்க்கால் தோண்டவும் பேருந்து விடவும் திரும்பி வந்திருந்தால் மாமா வீட்டுப் பத்திரம் நனைந்திருக்காது என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த வருஷம், கட்டணம் வாங்கிக்கொண்டு அப்படிப்பட்ட மனைகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற வரன்முறைத் திட்டம் வந்தது. மாமாவின் மனை, அந்தக் காலத்துப் பஞ்சாயத்து அப்ரூவல். அவரும் கட்டணம் கட்டி வரன்முறை செய்துகொண்டார், கையில் ஆணை வந்த அன்று அத்தை கேசரி கிண்டினாள். எனக்கு அன்றைக்கு ஒரு விஷயம்தான் உறுத்தியது. மனையின் நீள அகலம், தெருவின் அகலம், பூங்காவுக்கு விட்ட இடம் எல்லாவற்றையும் கேட்டார்கள். பூங்கா என்று விட்டிருந்தது எது தெரியுமா? மனைப்பிரிவிலேயே பள்ளமான வடகிழக்கு மூலை, வாய்க்கால் வளைந்து போன இடம். அங்கே வீடு கட்ட முடியாது என்று விற்றவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், பெரிய சாலை ஒன்றைப் போட முடிவானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தப் பாதையின் இருபுறமும் சில கிலோமீட்டருக்கு எல்லாக் கிராமங்களின் புலப்படங்களையும் (ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் உள்ள அளவுப் படம், எஃப்.எம்.பி. என்பார்கள்) எடுத்து வைத்து, ஏரி, கலங்கல், வாய்க்கால், ஓடை ஒவ்வொன்றையும் தரையில் கல் நட்டுக் காட்டுவது. மனை அனுமதி எல்லாம் அதற்குப் பிறகு. இதற்குப் புது விஞ்ஞானம் ஒன்றும் தேவையில்லை, எஃப்.எம்.பி. இப்போது இணையத்திலேயே கிடைக்கிறது, அளக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிவுக்கு வரும்போது, செக்குபந்தியில் இருப்பதைத் தாய்ப்பத்திரத்தோடும் புலப்படத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு விதி வேண்டும். வாய்க்கால் என்று இருந்தது சாலை என்று மாறியிருந்தால் யார் மாற்றினார்கள், எந்த ஆணைப்படி என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஏறக்குறைய ஐந்து மடங்கு. அந்த விரிந்த பகுதியில் இன்னும் நிறைய ஏரிகள் மிச்சமிருக்கின்றன, அங்கேதான் எல்லைச் சாலையும் போகிறது.

போன மாசம் மாமா மகன் அப்பாவுக்கு வாட்ஸாப்பில் சில படங்களை அனுப்பினான். எல்லைச் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மனைப்பிரிவு, சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் இருக்கிறது, வண்ண வண்ணமாக லேஅவுட் படம், நுழைவாயிலில் வளைவு, இரண்டு பக்கமும் பனைமரம் மாதிரி ஏதோ மரம். முன்பணம் கொடுக்க ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா லேஅவுட் படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. தாய்ப்பத்திரத்தின் படத்தை விரலால் பெரிதாக்கி, கீழே இறக்கி, சொத்து விவரத்தில் நிறுத்தினார். எழுத்து மங்கலாக இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னார். கிழக்கில் இன்னாருடைய நஞ்சை. தெற்கில் வண்டிப்பாதை. வடக்கில் இன்ன சர்வே நம்பர். மேற்கில் ஓடை.

"அவன் பத்திரத்துல மேற்கே என்ன போட்டிருக்கு?" என்றார். வரைவுப் பத்திரத்தைத் தேடிப் பார்த்தேன். 30 அடி சாலை.

அப்பா போனை எடுத்து அவனைக் கூப்பிட்டார். எதிர்முனையில் அவன் அவசர அவசரமாகப் பேசுவது எனக்கும் கேட்டது, ஞாயிற்றுக்கிழமை விட்டால் விலை ஏறிவிடும் மாமா, பாதி மனை புக் ஆகிவிட்டது மாமா என்றான். அப்பா முழுக்கக் கேட்டுக்கொண்டார். "பணத்தை இப்போ கொடுக்காதேப்பா. ஒரு நல்ல மழை பெய்யட்டும். மறுநாள் காலையில ஆறு மணிக்கு வந்து என்னைக் கூட்டிக்கிட்டுப் போ, நடந்து பாத்துட்டு வரலாம்" என்றார்.